வலிக்கும் ஒரு பேர் வேண்டும்

2025 நவம்பர் 7ஆந் திகதி பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கும் ஒரு பங்கு சொல்லப்பட்டது. அப்போது 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2026 ஜனவரி முதல் 1,550 ஆகும் என்றார்கள். அதற்கு மேல், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாவை அரசாங்கம் வரவுக் கொடுப்பனவாகத் தரும். இரண்டும் சேர்ந்தால் 1,750. தருகிறேன் என்பதை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. வரவேற்கிறோம். வந்து சேரும்வரை விழிப்பாகவும் இருப்போம்.

ஆனால் அந்த 200 ரூபாவோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வரவு! வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அந்தக் கணக்கில் ஒரு கோடுகூடக் கிடையாது.

தோட்டத்தில் வேலைக்கு ஆள் வருவதில்லை என்பது கம்பனிகாரர்கள் பல வருடங்களாகப் பாடும் பாட்டு. சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பாட்டுத்தான் முதலில் வரும். நாம் கேட்கிறோம்: வராதவர்கள் எங்கே போனார்கள்? சிலர் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள், சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். இது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கூட்டம் எங்கும் போகவில்லை. லயத்துக் காம்பராவுக்குள்ளேயே, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை நிமிர்த்தி எழும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காலையில் நொண்டி, பத்து மணிக்கு மான்

இடுப்பு வலியில் இரண்டு விதம் உண்டு. நாள் முழுக்க மலை ஏறி, கொழுந்து சுமந்து, மாலையில் அசதியாய் வரும் வலி ஒன்று. படுத்து எழும்பினால் அது குறையும். எல்லோருக்கும் தெரிந்த வலி அது.

மற்றது நேர்மாறு. இரவு பின்சாமத்தில் ஆளை எழுப்பிவிடும். விடியற்காலையில் இடுப்பும் தொடையும் கட்டை போல இறுகிக் கிடக்கும். சப்பாத்து மாட்டக் குனிய முடியாது, கக்கூசில் குந்த முடியாது. இந்த இறுக்கம் அரைமணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கு மேலும் விடாது. ஓய்வு எடுத்தால் கூடும். மெல்ல நடமாடத் தொடங்கினால் இளகும். அழற்சி மூட்டுவாதம் என்று வைத்தியர்கள் சொல்லும் நோய்களின் குணம் இது. கிளினிக்கில் ருமடொயிட் ஆத்ரைட்டிஸ், அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் என்றெல்லாம் எழுதுவார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி திசை மாறி, சொந்த மூட்டையே தாக்குகிறது. மூட்டுக்குள் உள்ள சவ்வு வீங்கிச் சூடேறுகிறது. அப்படியே விட்டால் குருத்தெலும்பைத் தின்றுவிடும்.

இது கிழவர்களுக்கு வரும் நோய் என்று நினைப்பது தவறு. முதுகெலும்பையும் இடுப்பையும் பிடிக்கும் வகை பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே, இருபது முப்பதுகளிலேயே தொடங்கும். ருமடொயிட் வகை ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. கூடை தூக்கும் வயதில், பிள்ளை வளர்க்கும் வயதில் வரும் நோய் இது.

இப்போது பெரட்டுக்கு வாருங்கள். இறுக்கம் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் பெரட்டு. சுவரைப் பிடித்து, படியில் பக்கவாட்டாக இறங்கி, நொண்டிக்கொண்டு வந்து சேரும்போது நேரம் போய்விடும். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பலாம். கெஞ்சிக் கூத்தாடி மலைக்கு ஏறினால், நடந்து நடந்து மூட்டு இளகி, பத்து மணிக்கு ஓரளவுக்கு நிமிர்ந்து நிற்பாள். அப்போது கங்காணி என்ன சொல்கிறார்? "என்னா பிள்ள, காலையில கெழவி மாதிரி நொண்டுன, இப்ப மான் மாதிரி ஏறுற? நடிக்கிறியா?"

நடிப்பல்ல கங்காணி ஐயா, அதுதான் நோய். காலையில் முடியாமல் இருந்து பகலில் இளகுவது இந்த நோயின் அடையாளம். வைத்தியர் எதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கிறாரோ, அதையே வைத்துத் தோட்டம் அவளைப் பொய்க்காரி ஆக்குகிறது.

கை வைத்துக் காட்ட முடியாத இடம்

இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் பக்கவாட்டில், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே கையை வைப்பார்கள். மூட்டு அங்கே இல்லை. தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து சுழலும் இடம் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதனால் அந்த மூட்டு வீங்கினால் வலி முன்பக்கம், தொடை தொடங்கும் மடிப்பில், கவட்டையில்தான் தெரியும். சில நேரம் தொடை வழியாக முழங்கால் வரைக்கும் இறங்கும்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. டிஸ்பென்சரியில் இருப்பவர் ஆண். கணக்கப்பிள்ளை ஆண். கங்காணி ஆண். பல இடங்களில் தோட்டத் தலைவரும் ஆண். இவர்கள் முன்னால் ஒரு பெண் எழுந்து "எனக்குக் கவட்டையில வலி" என்று சொல்வாளா? "கால் வலி" என்பாள். "இடுப்புப் புடிச்சிருக்கு" என்பாள். காலுக்குத் தைலமும் இடுப்புக்கு இரண்டு பெனடோலும் கிடைக்கும். வலி இருக்கும் இடத்தைச் சொல்லாததால் நோய்க்குப் பேர் கிடைப்பதில்லை. ஆண்களுக்கும் இதே கதைதான். கவட்டை வலி என்று ஒருவன் வாய் திறந்தால், குடல் இறக்கமா, வேறு ஏதாவது "பழக்கமா" என்று லயமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து இரண்டு மூன்று வருடம் வாய் மூடிக் கிடந்த இளைஞர்களை நமக்குத் தெரியும்.

ஹாலிஎலப் பக்கத்து மேற்கணக்கு ஒன்றில் ஓர் அக்கா. வயது முப்பத்து நான்கு. முதலில் தைலம், பிறகு பெனடோல். வலி அடங்காமல் டவுனில் காசு கொடுத்து ஊசி போட்டாள். மூன்று வாரம் சொர்க்கம், நாலாவது வாரம் மறுபடி நரகம். மறுபடி ஊசி. இப்படியே இரண்டு வருடம். என்ன ஊசி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, துண்டும் தரவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், இரத்தம் பார்த்து, படம் எடுத்து, நோய்க்குப் பேர் தெரிந்தபோது ஒரு பக்கத்து மூட்டு பாதி தேய்ந்திருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்திருந்தால் மருந்தால் கட்டுப்படுத்தியிருக்கலாம்.

இந்த வலி செக்ரோலில் மட்டும் பதியவில்லை, பாடசாலை வரவுப் பதிவேட்டிலும் பதிகிறது. அந்த அக்காவின் மகள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வராது. பீலியில் தண்ணீர் பிடிப்பது, விறகு கொண்டுவருவது, தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விடுவது எல்லாம் அதன் தலையில். தாயின் வராத நாளுக்குச் சம்பளம் வெட்டு. மகளின் வராத நாளுக்குப் பாடம் வெட்டு. இடைவிலகல் ஏன் என்று கூட்டம் போட்டு ஆராய்கிற அதிகாரிகள், ஒரு தடவை லயத்துக்கு வந்து தாயின் இடுப்பைக் கேட்டுப் பார்க்கட்டும்.

மலை இந்த மூட்டை என்ன செய்கிறது

தேயிலை மலையில் சம தரையில் நிற்க ஒரு இடம் கிடையாது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. உடம்பின் பாரமும் கொழுந்தின் பாரமும் ஒரு பக்க இடுப்பில் இறங்கும். நெரைக்குள் பக்கவாட்டாக நுழைந்து, காலைத் தூக்கி வைத்து, திரும்பித் திரும்பி எடுக்க வேண்டும். படங்கு மழையில் நனைந்து இடுப்பைச் சுற்றிக் கனக்கும். 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அல்லது கிலோக் கணக்கு. எடுத்ததை மடுவம்வரை சுமந்து போக வேண்டும். அந்திக்கு வீட்டுக்கு வந்தால் குந்தி அடுப்பு ஊத வேண்டும், குந்தித் துணி அடிக்க வேண்டும், குந்தும் கக்கூசுக்குப் போக வேண்டும்.

வீங்கிய இடுப்பு மூட்டுக்கு ஆகாதவை எவை என்று ஒரு வைத்தியரிடம் கேட்டால், சரிவில் பாரம் சுமப்பது, ஆழமாகக் குந்துவது, நெடுநேரம் ஒரே நிலையில் நிற்பது என்பார். நம் பெண்களின் ஒரு நாள் வேலையை அப்படியே ஒப்புவித்தது போல இருக்கும்.

ஒரு கிளினிக் நாளின் கணக்கு

ஆஸ்பத்திரி இலவசம்தானே, போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. இலவசம்தான். அந்த இலவசத்தை இந்த நாட்டு மக்கள் போராடிக் காப்பாற்றுகிறார்கள், நாமும் காப்பாற்றுவோம். ஆனால் வாசலுக்குப் போய்ச் சேர என்ன செலவு?

கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் இல்லை. விடியுமுன் எழும்பி, மேற்கணக்கில் இருந்து றோட்டுக்கு நடந்து இறங்கி, ஹாலிஎலயில் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய், வரிசையில் இலக்கம் எடுக்க வேண்டும். நடக்க முடியாதவளுக்கு ஓட்டோ. துணைக்கு ஒருவர் போனால் அவருடைய பேரும் போச்சு. இந்த நோய்க்கு ஒரு தடவை போய் வந்தால் முடியாது. மருந்து ஈரலையும் இரத்தத்தையும் பாதிக்கிறதா என்று தவறாமல் இரத்தம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு கிளினிக் என்று வையுங்கள். சொன்னபடி 1,750 வந்தால், 12 கிளினிக் நாளுக்கு இழப்பது 21,000 ரூபா. பஸ் காசும் ஓட்டோக் காசும் வேறு. 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து, வெளியில் வாங்கு என்று துண்டு எழுதிக் கொடுத்த காலத்தை யாரும் மறக்கவில்லை. இலவச மருந்துக்கு வருடம் 21,000 ரூபா நுழைவுச்சீட்டு! அதனால்தான் கிளினிக் கொப்பி அலுமாரித் தட்டில் தூங்குகிறது.

வரவுக் கொடுப்பனவு என்ற பேரில் நாம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறோம். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வரவுக்கு 140 ரூபா. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 140. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 19 நாள் வர வேண்டும். நோயோடு இழுத்துப் பிடித்து 18 நாள் வந்தவளுக்கு, வந்த அந்த 18 நாளுக்கும் 140 இல்லை. ஒரு நாள் குறைந்ததற்கு 2,520 ரூபா தண்டம். 2016 ஒப்பந்தத்தில் வரவுக்கான பணம் 60 ஆகக் குறைந்தது, 2019இல் அது இல்லாமலே போனது. இப்போது அரசாங்கத்தின் பணமாக மறுபடி வருகிறது. 75 வீதம், 80 வீதம் என்று ஏதாவது நிபந்தனையை அதன் வாலில் கட்டினால், அது நோயாளியின் மேல் போடும் வரி. இதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

சொல்கிறார்கள், நாம் பதில் சொல்கிறோம்

"இது வேலையால் வந்த நோய் இல்லை. வீட்டில் இருப்பவருக்கும் வருகிறது. தோட்டம் எப்படிப் பொறுப்பு?"

வேலையால் வந்த நோய் என்று நாமும் சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தி திசை மாறுவதற்குத் தேயிலைச் செடி காரணம் அல்ல. ஆனால் காரியாலயத்தில் கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கு இந்த நோய் வந்தால் அவர் தொழில் பிழைக்கும். சரிவில் நின்று வேலை செய்பவளுக்கு வந்தால் தொழிலும் போகிறது, மூட்டும் போகிறது. நோயைக் கொடுத்தது யார் என்பதல்ல கேள்வி. நோய் வந்த ஆளை அதே மலையில், அதே பாரத்தோடு ஏறு என்று சொல்வது யார்?

"எல்லாருக்குந்தான் வலிக்குது. இவங்களுக்கு மட்டும் என்ன?"

எல்லோருக்கும் வலிக்கும் தொழில் என்றால் அதுவே ஒரு குற்றப்பத்திரிகை. ஆனால் அசதி வலியும் இந்த வலியும் ஒன்றல்ல. அசதி வலி ஓய்வில் போகும். இது ஓய்வில் கூடும். இரண்டையும் ஒரே பெனடோலில் அடைத்ததால்தான் இளம் பெண்கள் கைத்தடி பிடிக்கிறார்கள்.

"சலுகை கொடுத்தால் நாளைக்குத் தோட்டமே நொண்டும்."

சான்றிதழ் எழுதுவது வைத்தியர், தொழிலாளி அல்ல. இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்கிறார்கள், மூட்டைப் படம் எடுக்கிறார்கள். நடித்து ஏற்றக்கூடிய அளவுகள் அல்ல அவை. தொழிலாளியின் வாயை நம்பாவிட்டாலும் வைத்தியரின் எழுத்தையாவது நம்புங்கள்.

"சங்கத்துக்கு இதைவிடப் பெரிய பிரச்சினைகள் உண்டு."

இப்படிச் சொல்கிற சில தலைவர்மாரும் இருக்கிறார்கள். சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சம்பளம் பெரிய பிரச்சினை என்றால், அந்தச் சம்பளத்தை எடுக்க மலைக்கு ஏறும் இடுப்பு சின்னப் பிரச்சினையா?

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

நோயுற்ற தொழிலாளியை யார் பார்ப்பது என்ற கேள்வி புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912இல், தோட்டங்களுக்காக மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம்மேல் கொண்ட அன்பால் அல்ல. படுத்த கூலி கொழுந்து எடுக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகும் தோட்டத்து டிஸ்பென்சரி நாட்டின் சுகாதார சேவைக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாத நிலை தொடர்கிறது.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. அதன்படி கடையில் வேலை செய்யும் ஒருவருக்கு, வருடாந்த விடுமுறைக்கு மேலாக, சுகவீனம் உட்பட்ட தேவைகளுக்கு ஆண்டில் 7 நாள் சம்பளத்தோடு அமைய விடுமுறை உண்டு. ஹாலிஎல டவுனில் துணிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கு இருக்கும் அந்த 7 நாள், மேலே மலையில் நிற்கும் அதன் தாய்க்கு இல்லை. கொழுந்து எடுக்கும் கைக்கு நோய் வராதா?

கடலுக்கு அப்பால் பாருங்கள். 1964 ஒப்பந்தத்தில் பிரித்து அனுப்பப்பட்ட நம் உறவுகள் நீலகிரிக்குப் போய் டான்டீ தோட்டங்களில் அதே தேயிலையைத்தான் எடுத்தார்கள். அங்கே 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 32ஆம் பிரிவில், தகுதியுள்ள வைத்தியர் நோய் என்று சான்று கொடுத்தால் தொழில் கொடுப்பவர் சுகவீனப் படி தர வேண்டும் என்று எழுதினார்கள். அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் இருந்தது, எழுத்தில் இருப்பதைக் காட்டிக் கேட்க முடிந்தது. நமக்குக் காட்டுவதற்கு ஒரு வரி இல்லை.

இருப்பவற்றையாவது தெரிந்து வைத்திருப்போம். நோயாளியைப் பார்த்து "பேரை வெட்டிக்கொண்டு போ, மகனையாவது அனுப்பு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. லயத்துக் காம்பராவில் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் பல தோட்டங்களில் நடைமுறை. பேர் போனால் கூரையும் போகும் என்ற பயத்தில்தான் தாய்மார் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஆகவே யார் நீட்டினாலும் வாசிக்காத கடிதத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். அந்தக் கையொப்பம்தான் அவர்கள் தேடும் "சம்மதம்". உண்மையிலேயே இனி வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் எழுதினால், 50 வயது வரும்வரை காத்திருக்காமல் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கலாம். 5 வருடம் முடித்திருந்தால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் உண்டு. முதலில் சங்கத்துக்கு வாருங்கள், பிறகு கையொப்பத்தைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை உடம்பைக் காப்போம்

கோரிக்கை வெல்லும்வரை வலி காத்திருக்காது. கிளினிக்குகளில் சொல்பவற்றில் முக்கியமானவற்றை இங்கே எழுதுகிறோம். பிரதி எடுத்துப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் இடுப்போ கவட்டையோ காலையில் இறுகி, நடந்தால் இளகினால், தைலத்தோடு நிற்காதீர்கள். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், வலி எந்த இடம், எத்தனை மாதம், காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம், இரவில் எழுப்புகிறதா, என்ன மாத்திரை குடித்தீர்கள் என்று ஐந்து வரி எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். எழுதித் தர நாம் இருக்கிறோம், சிங்களத்திலும் எழுதித் தருவோம். ஆனால் அது வைத்தியசாலைக்குச் செய்யும் உதவிதான், நம் கடமை அல்ல. 1987இல் 13ஆம் திருத்தம் வந்த நாளில் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், படுத்தபடியே முழங்காலை மடித்து நீட்டிப் பத்துத் தடவை செய்யுங்கள். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை இடுப்பில் வையுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கைத்தடி பிடிப்பதென்றால் வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடியுங்கள், மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காதீர்கள். இந்த நோய்க்குப் படுக்கை எதிரி.

டைக்ளோபெனக் போன்ற வலி மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தேயிலைச் சாயத்தோடு விழுங்கவே வேண்டாம். குடற்புண், சிறுநீரகம், பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரை தந்திருந்தால், அது வாரத்தில் ஒரே ஒரு நாள் குடிப்பது. தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று கலண்டரில் வட்டம் போடுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தாலோ, நாள் தள்ளியிருந்தாலோ உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். என்ன மருந்து என்று எழுதித் தராத இடத்தில் ஊசி போடாதீர்கள். ஸ்டீரொயிட் மருந்தை அளவில்லாமல் நெடுநாள் எடுத்தால், அதுவே இடுப்பெலும்புத் தலைக்குப் போகும் இரத்தத்தைக் கெடுத்து எலும்பைச் சாகடிக்கலாம். கிளினிக்கிலேயே தந்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

காய்ச்சலோடு இடுப்பு வலித்தால், திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாம் கேட்பவை

1. வைத்தியசாலை முத்திரையோடு கிளினிக் கொப்பியைக் காட்டினால், அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். 200 ரூபாவும் அதில் சேர வேண்டும்.

2. வரவுக் கொடுப்பனவுக்கு மாத வீத நிபந்தனை கூடாது. வந்த நாளுக்கு வந்த பணம்.

3. சான்றிதழ் உள்ளவர்களுக்குச் சரிவு இல்லாத வேலை வேண்டும். தவறணை, ஸ்டோரில் இருந்து செய்யும் வேலை, பிள்ளைக்காம்பரா உதவி என்று தோட்டத்தில் வேலை உண்டு. முழுப்பேரோடு தர வேண்டும். பெரட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வர அனுமதி வேண்டும்.

4. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மூட்டு வலிக்கு டிஸ்பென்சரி கட்டாயம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கொடுக்க வேண்டும். பெண்களைப் பார்க்கப் பெண் ஒருவர் இருக்க வேண்டும்.

5. சம்பள நிர்ணய சபையில் நம் தரப்பில் இருப்பவர்கள், கடை ஊழியருக்கு உள்ள 7 நாளைத் தோட்டத் தொழிலாளருக்கும் கேட்க வேண்டும். சம்பளத் தொகையோடு பேச்சை முடித்துவிட்டு எழும்பக் கூடாது.

இந்த ஐந்தும் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பிரேரணையாக வரும். கூட்டத்தில் முதலில் பேசுவது மாதர் சங்கத் தலைவி. இடுப்பில் வலி உள்ளவர்களுக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருக்கும். கூச்சப்படாமல் வந்து உட்காருங்கள்.

டொக்டர் எழுதும் பேர் ஒன்று, செக்ரோலில் விழும் பேர் ஒன்று. இந்த வலிக்கு இரண்டும் வேண்டும். முதலாவதை வாங்க ஆஸ்பத்திரிக்குத் துணையாக வருவோம். இரண்டாவதை வாங்க ஒன்றாகத் துரையின் ஒபீசுக்குப் போவோம்.